டயர் என்னும் உருளிப்பட்டை: சொல்லும் தேர்வும்

சக்கரத்தின் விளிம்பைச் சூழ்ந்து அமைந்து, வண்டியின் எடையைத் தாங்கியபடி தரையோடு நேரடியாக உராயும் உறுப்பே டயர் எனப்படுகிறது. ஈழத்துத் தமிழில் இது ரயர் என்று எழுதப்படும். பேச்சுவழக்கில் டயரையும் சக்கரத்தையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். ஆனால் உலோக ரிம் ஒரு பொருள், அதன்மேல் மாட்டப்படும் ரப்பர் உறுப்பு வேறொரு பொருள். கரடுமுரடான நிலத்தில் ஓடும் கனமான நான்கு சக்கர இயக்க வண்டிக்குப் புதிய டயர் தேடுவோர் இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் ரிம்மின் அளவு பெரும்பாலும் மாறாமலே இருக்க, தேர்வு முழுவதும் டயரைப் பற்றியதாகவே அமைகிறது.

ஆங்கிலத்தில் உடை, அணிகலன் ஆகியவற்றைக் குறிக்கும் அட்டயர் என்னும் சொல்லின் குறுக்கமே டயர் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. அந்த அட்டயர், ஒழுங்குசெய்தல், ஆயத்தப்படுத்துதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரச் சக்கரத்தின்மேல் அடிக்கப்பட்ட இரும்புத் தகடுகளுக்கு இப்பெயர் வழங்கலாயிற்று. சக்கரத்துக்கு உடுத்தப்பட்டது என்பதே இதன் அடிப்படைப் பொருள். ரப்பர் இச்சொல்லுக்குள் நுழைந்தது 19ஆம் நூற்றாண்டில்தான்.

தமிழில் இதற்கு நெருங்கி வரும் பழஞ்சொல் சூட்டு. உமணரின் உப்பு வண்டியைச் சொல்லும் பெரும்பாணாற்றுப்படை, அதன் உருளியின், அதாவது சக்கரத்தின், வெளிவிளிம்பைச் சூட்டு என்றும் ஆர்க்கால்களை ஆரம் என்றும் பிரித்தே கூறுகிறது. நெற்றியில் அணியும் மாலைக்கும் சேவலின் கொண்டைக்கும் சூட்டு என்னும் பெயர் உண்டு என்பதால், சூடுதல் என்னும் பொருள் இதில் தெளிவாகத் தெரிகிறது. அழகான சொல்தான், ஆயினும் பழைய வண்டியில் அது வளைமரத்தைக் குறித்ததால், இன்றைய ரிம்முக்கே அது கூடுதலாகப் பொருந்தும். மிதிவண்டி உறுப்புகளின் பட்டியல்களில் டயருக்குக் காணப்படும் வன்சக்கரம் என்னும் ஆக்கம், டயரைச் சக்கரம் என்றே சொல்லிப் பழைய குழப்பத்தை நிலைநிறுத்துகிறது. உருளியைச் சுற்றிய பட்டை என்று விரியும் உருளிப்பட்டை என்பதே தகுந்த சொல் என்று கருதுகிறேன். மாட்டுவண்டிச் சக்கரத்தில் சூடேற்றி இறக்கும் இரும்பு வளையத்தைப் பட்டை என்று சொல்லும் வழக்கமும் இதற்குத் துணை நிற்கிறது.

காற்றடைத்த உருளிப்பட்டைக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காப்புரிமை பெற்றார். அது பரவாமல் மறைய, 1888இல் ஜான் பாய்ட் டன்லப் அதை மீண்டும் கொண்டுவந்தார். அதன்பின் வண்டியின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றே என்றாயிற்று. ரப்பரும் இழைகளும் அக்காற்றைப் பிடித்துவைக்கும் உறையாயின. கனமான வண்டிக்கு இந்த உண்மைதான் முதன்மையானது. ஆனால் வாங்குவோர் பலர் முதலில் பார்ப்பது தரையைத் தொடும் பரப்பில் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டிகளான பட்டன் எவ்வளவு பெரிது, பக்கச்சுவர் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தோன்றுகிறது என்பதையே.

பக்கச்சுவரில் 265/70 ஆர்17 115 டி என்று பொறித்திருந்தால், 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்பது ரேடியல் அமைப்பு, அதாவது உள்ளிழைகள் டயரின் குறுக்காக ஓடும் அமைப்பு. 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இறுதியில் உள்ள டி, மணிக்கு 190 கிலோமீட்டர் என்னும் வேக வரம்பைக் காட்டும். இடையில் நிற்கும் 115தான் சுமைக் குறியெண். அது கிலோ கணக்கு அன்று, அட்டவணையில் ஓரிடம்: 115 என்றால் ஒரு டயர் 1,215 கிலோ வரை தாங்கும், 121 என்றால் 1,450 கிலோ.

இந்தக் கிலோ அளவை நான்கால் பெருக்கி வண்டியின் எடையோடு ஒப்பிட்டு நிறைவடைவது தவறான வழி. பயணப் பொருள்கள், கூடுதல் எரிபொருள், பின்புறத்தில் தொங்கும் மாற்றுச் சக்கரம் ஆகியவை பின் அச்சின் மேலேயே கூடுதலாக அழுந்துவதால், ஒவ்வோர் அச்சுக்கும் தயாரிப்பாளர் அனுமதித்த உச்ச எடையையே எடுத்துக்கொள்ள வேண்டும். பின் அச்சுக்கு 1,950 கிலோ என்றால் ஒரு டயரின் பங்கு 975 கிலோ. சிறு சரக்கு வண்டிக்கென எல்டி முன்னெழுத்தோடு வரும் வகையில், 1,000 கிலோவைக் குறிக்கும் 108 போதும். பயணிகள் காருக்கான வகையை இத்தகைய வண்டியில் பூட்டும்போது, அதன் தாங்கும் திறனை 1.10ஆல் வகுத்தே கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. அப்படியானால் குறைந்தது 1,090 கிலோவைக் குறிக்கும் 111 தேவைப்படும். எவ்வாறு கணக்கிட்டாலும், வண்டியோடு வந்த டயரின் சுமைத் திறனுக்குக் கீழே இறங்கக் கூடாது. மேலும் எல்டி வகை அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காற்றழுத்தம் கேட்கும். பழைய அழுத்தத்தையே வைத்து ஓட்டினால், வலிமையான டயர் வாங்கிய பின்னும் அது மிகுதியாகச் சூடேறிச் சிதையக்கூடும்.

பட்டன் வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நெடுஞ்சாலைக்கு எச்டி, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவாக ஏடி, சேற்றுக்கும் பாறைக்கும் எம்டி. ஓட்டத்தின் பெரும்பகுதி தார்ச்சாலையிலேயே கழிகிறது என்றால் எம்டி வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடுவதோடு, நனைந்த சாலையில் பிடிமானமும் பொதுவாகக் குறைவு.

அளவைப் பெரிதாக்க விரும்புவோர் விளைவையும் கணக்கிட வேண்டும். 265/70 ஆர்17இன் விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீட்டர், 285/70 ஆர்17இன் விட்டம் 831. வேறுபாடு மூன்றரை விழுக்காடு. பழைய டயரில் வேகமானி சரியாகக் காட்டியிருந்தால், இப்போது அது 100 காட்டும்போது வண்டி 103க்கு மேல் ஓடும். டயரின் எடையும் பெரும்பாலும் ஏறுவதால் பிரேக்கின் மீதும் சஸ்பென்ஷன் எனப்படும் தொங்கல் அமைப்பின் மீதும் சுமை கூடும்.

மாற்றுச் சக்கரத்துக்கு வழங்கும் ஸ்டெப்னி என்னும் பெயர், வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904 அளவில் அங்கே செய்யப்பட்ட உதிரிச் சக்கரத்தின் வணிகப் பெயரே பொதுப்பெயராயிற்று. நான்கு டயர்களின் அளவை மாற்றுவோர் இந்த மாற்றுச் சக்கரத்தை மறந்துவிடுவது உண்டு. நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் வண்டியில் ஒன்று மட்டும் விட்டத்தில் வேறுபட்டால், அந்த வேறுபாட்டை ஈடுசெய்ய, சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் இடைவிடாது உழைத்துத் தேயும். ஆகவே ஐந்தாகவே வாங்கி, பக்கச்சுவரில் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கங்கள் ஐந்திலும் நெருங்கி இருக்கின்றனவா என்று பார்த்துப் பொருத்துவதே சரி.