மாறினால் சொல்கிறேன்: ஏஎஃப்எஸ் எப்படி வேலை செய்கிறது?

சர்வரில் உள்ள கோப்புகளைப் பல கணினிகள் பகிர்ந்து பயன்படுத்த உதவும் அமைப்பு ஏஎஃப்எஸ். யூனிக்ஸ் மெஷினில் அதை நிறுவ உட்காருபவர்களை முதலில் குழப்புவது, கிளையன்ட் மெஷினிலும் (கோப்பைப் பயன்படுத்தும் கணினியிலும்) டிஸ்க் இடம் ஒதுக்கச் சொல்வதுதான். கோப்புகள் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இருக்கப்போகின்றன, அப்புறம் என் மெஷினில் எதற்கு இடம்? இதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற அமைப்புகளில் பாதி தானாகப் புரியும்.

ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டம் என்பதன் சுருக்கமே ஏஎஃப்எஸ். பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த திட்டத்தில் உருவானது. வளாகத்தில் 5,000 கணினிகளுக்கு மேல் தாங்க வேண்டும் என்பது இலக்கு. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் சென்னை ஐஐடியில் படித்த மகாதேவ் சத்யநாராயணன்.

அவர்கள் எடுத்த முடிவு எளிமையானது: கோப்பைத் திறக்கும்போது அதை அப்படியே கிளையன்ட் டிஸ்குக்குக் கொண்டுவந்துவிடு, படிப்பதும் எழுதுவதும் அங்கேயே நடக்கட்டும், மூடும்போது மாற்றத்தைத் திருப்பி அனுப்பு. (பின்னாளில் முழுக் கோப்புக்குப் பதில் துண்டு துண்டாகக் கொண்டுவரும் வசதியும் வந்தது.) சரி, நம் கையில் இருக்கும் நகல் பழையதாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? முதல் பதிப்பில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கிளையன்ட் சர்வரைக் கேட்டது. அளந்து பார்த்தால், சர்வருக்கு வந்த அழைப்புகளில் பத்துக்கு ஒன்பது இப்படி "மாறிவிட்டதா, அதன் நிலை என்ன" என்று விசாரிப்பவையாகவே இருந்தன. உருப்படியான வேலைக்கு வந்தவை மிகக் கொஞ்சம்.

அடுத்த பதிப்பில் பொறுப்பைத் திருப்பிப் போட்டார்கள். கோப்பைக் கொடுக்கும்போதே சர்வர் ஒரு வாக்குறுதியும் கொடுக்கும்: "யாராவது இதை மாற்றினால் நானே சொல்கிறேன்." இதன் பெயர் கால்பேக். சொல்லாத வரை நகல் சரியானதே; கேட்க வேண்டியதில்லை. எத்தனை கிளையன்ட்களைத் தாங்கலாம் என்பதை மாற்றியதில் இந்த யோசனைக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி நிறுவலுக்கு வருவோம். ஐபிஎம் 2000இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஓபன்ஏஎஃப்எஸ்தான் இன்று பலரும் நிறுவுவது. கிளையன்ட் பக்கம் மூன்று சிறிய உரைக் கோப்புகள் போதும். திஸ்செல் என்பதில் உங்கள் நிறுவனத்தின் செல் (ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் ஏஎஃப்எஸ் கணினிகளின் தொகுப்பு) பெயர். செல்சர்வ்டிபியில் ஒவ்வொரு செல்லின் டேட்டாபேஸ் சர்வர் முகவரிகள். கேச்இன்ஃபோவில் ஏஎஃப்எஸ் எங்கே தெரிய வேண்டும், நகல்கள் எங்கே தங்க வேண்டும், எவ்வளவு இடம் என்பவை. நகல்கள் தங்கும் அந்த இடமான கேச்சுக்குத் தனி பார்ட்டிஷன் (டிஸ்கின் தனிப் பகுதி) கொடுப்பது நல்லது. அது நிரம்பி மற்றவற்றை நெருக்காது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலோடு இணையும் ஏஎஃப்எஸ் நிரல், அதாவது கர்னல் மாட்யூலும் தேவை. லினக்ஸில் கர்னலைப் புதுப்பித்த மறுநாள் ஏஎஃப்எஸ் காணாமல் போனால், மாட்யூல் திரும்பக் கம்பைல் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வரில் கோப்புகள் வைஸ்பிஏ, வைஸ்பிபி என்று பெயரிட்ட பார்ட்டிஷன்களில் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்தே சர்வர் அவற்றை எடுத்துக்கொள்கிறது. அதற்குள் கோப்புகள் வால்யூம் என்ற கூறுகளாகப் பிரிந்திருக்கும். எந்த வால்யூம் எந்த சர்வரில் என்பதை ஒரு தனி டேட்டாபேஸ் சொல்லும். அதனால் நிர்வாகி ஒரு வால்யூமை வேறு சர்வருக்கு நகர்த்தலாம். பயனருக்குக் கோப்பின் பாதை மாறாது. எனக்கு ஏஎஃப்எஸ்ஸில் மிகப் பிடித்தது இதுதான்.

நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோப்பு சர்வர் 7000 என்ற யுடிபி போர்ட்டில் கேட்கும், கால்பேக் செய்தி கிளையன்டின் 7001க்கு வரும். வெளியே போவதை மட்டும் அனுமதித்து உள்ளே வருவதை அடைத்துவிட்டால், எல்லாம் ஓடுவது போலத் தெரியும். பழைய கோப்பு மட்டும் கொஞ்ச நேரம் பிடிவாதமாக நிற்கும். சர்வரின் வாக்குறுதி வந்து சேர வழியில்லையே!

பயனரின் அடையாளம் சரிபார்க்க கெர்பரோஸ் என்ற அமைப்பு வேண்டும்; சரிபார்த்தபின் அது டிக்கெட் என்ற சான்று தரும். பொதுவாகக் கடிகாரங்களுக்கிடையே 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது டிக்கெட் தராது. ஆகவே முதலில் கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி. யூனிக்ஸில் அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளையால் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) போட்டும் பிறருக்கு அனுமதி கிடைக்கவில்லையா? கிடைக்காது. ஏஎஃப்எஸ் டைரக்டரிக்குரிய தன் சொந்த அனுமதிப் பட்டியலைத்தான் மதிக்கும்.

மூடும்போதுதான் மாற்றம் சர்வருக்குப் போகிறது என்பதால், இரண்டு மெஷின்களில் ஒரே கோப்பைத் திருத்தினால் கடைசியில் மூடியவரின் பதிப்பே நிற்கும். வீட்டு டைரக்டரிகளுக்கும் மென்பொருள் தொகுப்புகளுக்கும் இது ஒத்துவரும். பலர் ஒரே நேரத்தில் எழுதும் டேட்டாபேஸ் கோப்பை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.