ஆஸ்டெரிட்டி: சிக்கனமா, வெட்டா?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் கிரேக்கக் கடன் நெருக்கடி பற்றிப் பேச்சு. பேசிய தோழர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். "சிக்கன நடவடிக்கைகளை எதிர்த்து மக்கள் ஏதென்ஸ் வீதிகளில் திரண்டார்கள்" என்றார். பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கை தூக்கினார். "ஏன் தோழர், சிக்கனமா இருக்கச் சொன்னதுக்கா அத்தனை பேர் தெருவுக்கு வந்தாங்க?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் பெரும்பகுதி பொருளாதாரத்தை விளக்கப் போகவில்லை, ஒரு சொல் உண்டாக்கிய குழப்பத்தைத் தீர்க்கவே போனது. ‘ஆஸ்டெரிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைச் ‘சிக்கனம்’ என்று மொழிபெயர்ப்பதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாளிதழ்களில் வருவதை அவசர வேலை என்று விட்டுவிடலாம். அந்தக் கொள்கையை எதிர்ப்பவர்களே, எதிர்த்து எழுதும் கட்டுரையிலேயே, ‘சிக்கனம்’ என்று எழுதுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். அரசின் பற்றாக்குறையையும் கடனையும் குறைக்கவென்று பொதுச்செலவைக் குறைப்பது, வரியை ஏற்றுவது, அல்லது இரண்டையும் சேர்த்துச் செய்வது. இதுதான் ஆஸ்டெரிட்டி. நடைமுறையில் ஓய்வூதியம், ஆசிரியர், செவிலியர் சம்பளம், மருத்துவமனைப் படுக்கை, பேருந்து, நூலகம் என்று எல்லாவற்றின் மீதும் கத்தி விழும்.

சொல் பிறந்தது கிரேக்கத்தில். ‘ஆஸ்டெரோஸ்’ என்றால் நாக்கை வறள வைக்கும் சுவை, நம் துவர்ப்பு. பிறகு கடுமையான மனிதரையும் குறித்தது. லூக்கா நற்செய்தியின் உவமை ஒன்றில் வரும் எஜமானனுக்கு மூலத்தில் இந்தச் சொல்தான். தமிழ் விவிலியத்தில் அவர் ‘கடினமுள்ள மனுஷன்’, விதைக்காததை அறுக்கிறவர். இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், துறவிகளின் கடும் வாழ்வைக் குறித்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பொருளாதாரப் பேச்சில் பரவலானது. 2010இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதையே அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது. இந்தப் பயணம் முழுவதிலும் அடியில் இருப்பது கடுமை.

சரி, சிக்கனம் என்றால் என்ன? என் பொருளை நானே அளந்து செலவழிப்பது. நாளைக்கு எனக்கோ என் பிள்ளைக்கோ உதவும் என்று இன்று நானே கையை இறுக்கிக்கொள்வது. அது நற்குணம். பள்ளியில் சிக்கனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதாத தமிழ்ப் பிள்ளை உண்டா? சிக்கனமாக இருக்கிறவரை ஊர் மெச்சும். அளவு மீறினால்தான் கஞ்சன் என்னும். அப்படி நல்ல பெயர் எடுத்த சொல்லைக் கொண்டுபோய், வேறொருவர் ஓய்வூதியத்தில் கை வைப்பதற்குப் பெயராகச் சூட்டினால், கை வைத்தவர் நல்லவராகிறார், பறிகொடுத்தவர் ஊதாரியாகிறார். வழக்கு தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இந்த வேறுபாட்டை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மின் சிக்கனம் வேறு, மின்வெட்டு வேறு. ஆளில்லாத அறையில் விசிறியை நிறுத்துவது மின் சிக்கனம். அதற்கு அரசே ஆண்டுதோறும் வாரம் கொண்டாடுகிறது. துணைமின் நிலையத்தில் யாரோ இழுத்துவிட, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருட்டில் உட்கார்ந்திருப்பது மின்வெட்டு. இரண்டிலும் மின்சாரம் மிச்சமாகிறது. ஆனால் பல மணி நேரம் மின்சாரமில்லாமல் வியர்த்துக் கிடந்த ஒருவரிடம் போய் ‘உங்கள் ஊரில் மின் சிக்கனம் நடக்கிறதாமே’ என்று கேட்டுப் பாருங்கள். விசையில் யார் கை இருக்கிறது என்பதைத் தமிழ் இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பொருளாதாரம் எழுதும்போது மட்டும் அதை ஏன் மறக்கிறோம்?

பிழை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு புரிகிறது. இந்திய அரசு அலுவலகங்களில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு சிறிய பொருள் உண்டு. அதிகாரிகள் விமானத்தில் உயர் வகுப்பில் போகக் கூடாது, புது வாகனம் வாங்கக் கூடாது, நட்சத்திர விடுதியில் கருத்தரங்கு வைக்கக் கூடாது என்று நிதித்துறை அவ்வப்போது சுற்றறிக்கை விடும். அது உண்மையிலேயே சிக்கன நடவடிக்கை. அங்கே அந்தச் சொல் பொருத்தம். அங்கிருந்து அப்படியே தூக்கி, கிரேக்கத்தில் 2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியத்தை 22 விழுக்காடும், 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 32 விழுக்காடும் குறைத்ததற்கு ஒட்டவைத்தார்கள். அதிகாரியின் விமானச் சீட்டும் கடைப் பணியாளரின் கூலியும் ஒரே பெயருக்குள் போய்விட்டன.

நண்பர் ஒருவர் இதற்கு மறுப்புச் சொன்னார். மற்ற மொழிகளிலும் இப்படித்தானே? ஜெர்மானியர் ‘ஷ்பார்பொலிட்டீக்’ என்கிறார்கள், நேர்ப்பொருள் சேமிப்புக் கொள்கை. கிரேக்கர்களே தங்கள் பழைய சொல்லை விட்டுவிட்டு ‘லிடோடிடா’ என்கிறார்கள், எளிமை என்று பொருள். உண்மைதான். ஆனால் ஜெர்மனியில் அந்தச் சொல் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். 2008 இறுதியில் அன்றைய ஜெர்மன் சான்சலர் அங்கேலா மெர்க்கல் தம் கட்சி மாநாட்டில், கையிறுக்கத்துக்குப் பெயர்போன ஸ்வாபியா பகுதி இல்லத்தரசியைக் கேளுங்கள், வரவுக்கு மேல் செலவழித்து நெடுநாள் வாழ முடியாது என்று அவள் சொல்வாள் என்றார். அந்த இல்லத்தரசி பிறகு ஒரு கண்டத்தின் நிதிக்கொள்கைக்கே முகமாகிவிட்டாள். கொள்கைக்குச் சேமிப்பு என்று பெயர் இருக்கும் நாட்டில் அந்த உவமை எவ்வளவு சுலபமாக எடுபடும்! வெட்டு யார் மேல் விழுந்ததோ அவர்கள் பேசியதையும் கேளுங்கள். ஸ்பெயின் தெருக்களில் ஒலித்த சொல் ‘ரெக்கோர்த்தெஸ்’, வெட்டுகள். இங்கிலாந்தில் மாணவர்கள் பிடித்த பதாகைகளிலும் வெட்டுகள்தான். மேலிருந்து பார்த்தால் சேமிப்பு, கீழிருந்து பார்த்தால் வெட்டு. நாம் எங்கே நின்று மொழிபெயர்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

இதே நண்பர் அப்புறம் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். ‘ஆகாறு அளவிட்டி தாயினும் கேடில்லை போகாறு அகலாக் கடை.’ வரும் வழி சிறிதானாலும் போகும் வழி அகலாமல் இருந்தால் கேடில்லை. இது குடும்பத்துக்கு மட்டும் சொன்னதில்லை, பொருட்பாலில் அரசியல் பகுதியில் வருகிறது, ஆகவே அரசுக்கும் பொருந்தும் என்றார். குறளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஆகாறும் போகாறும் தனித்தனி வழிகள், ஒன்றை அடைத்தால் மற்றது வற்றாது. என் வீட்டில் காய்கறிச் செலவைக் குறைத்தால் என் சம்பளம் குறையாது. ஒரு நாட்டின் அரசு, அதுவும் சரிவு நேரத்தில், சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் குறைத்தால், வாங்கியவர் கடைக்குப் போக மாட்டார், கடைக்காரர் ஆளை நிறுத்துவார், இருவர் கட்டிவந்த வரியும் போகும். போகாற்றை அடைக்கப் போய் ஆகாறே வற்றிவிடும்.

கிரேக்கத்தில் நடந்தது இதுதான். 2008க்கும் 2013க்கும் இடையில் பொருளாதாரம் ஏறக்குறைய கால் பங்கு சுருங்கியது. வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியது, இளைஞர்களில் பாதிப் பேருக்கு மேல் வேலையில்லை. 2009இல் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 127 விழுக்காடாக இருந்த கடன், 2012இல் கடன் கொடுத்திருந்த தனியார் பெருந்தொகையைத் தள்ளுபடி செய்த பிறகும், 2014இல் ஏறத்தாழ 180 விழுக்காட்டுக்குப் போனது. சிக்கனமாக இருந்தவருக்குக் கடன் ஏறுமா? பன்னாட்டு நாணய நிதியத்தின் அன்றைய தலைமைப் பொருளியலாளர் ஒலிவியே பிளான்ஷார் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து கணக்கைத் திரும்பப் பார்த்தார். ஒரு யூரோ வெட்டினால் உற்பத்தி அரை யூரோ சுருங்கும் என்று கணித்திருந்தார்கள். உண்மையில் 90 சென்ட் முதல் 1.70 யூரோ வரை சுருங்கியிருக்கக்கூடும் என்று நிதியமே 2012இல் ஒப்புக்கொண்டது. கடன் கொடுத்தவர்கள் வைத்த நிபந்தனைகளை ஏற்பதா என்ற 2015 ஜூலை 5 வாக்கெடுப்பில் கிரேக்கர்கள் 61 விழுக்காட்டினர் ‘வேண்டாம்’ என்றார்கள். அந்த ஆசிரியையின் கேள்விக்கு விடை இந்த எண்களில் இருக்கிறது, ஆனால் ‘சிக்கனம்’ என்ற சொல் அவர் அவற்றிடம் போய்ச் சேரவே விடவில்லை.

இங்கிலாந்தையும் ஒரு வரி பார்க்கலாம். 2010இல் நிதியமைச்சரான ஜார்ஜ் ஆஸ்போர்ன் அரசு ஊழியர் சம்பளத்தை உறையவைத்தார், உள்ளாட்சிகளுக்கான நிதியைக் குறைத்தார். அதே அரசு 2013இல் உயர் வருமானத்தினருக்கான வரியை 50லிருந்து 45 விழுக்காடாக்கியது, நிறுவன வரியையும் படிப்படியாக இறக்கியது. சிக்கனக்காரர் யாரும் வர வேண்டிய பணத்தை விட்டுக்கொடுப்பதில்லை. 1940களின் பிரிட்டன் வேறு மாதிரி. நிதியமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் காலத்தில் உணவுக்கும் துணிக்கும் பங்கீட்டு அட்டை இருந்தது, பணக்காரருக்கும் அதே பங்குதான். அந்தப் பற்றாக்குறைக்கு நடுவில்தான் 1948இல் தேசிய மருத்துவச் சேவையே தொடங்கியது. அதைச் சிக்கனம் என்று எழுதினால் சண்டைக்கு வர மாட்டேன்.

இடதுசாரிகளுக்குள்ளேயே இது பற்றி ஒரு விவாதம் உண்டு. கருவூலம் கையை இறுக்க வேண்டியது செழிப்புக் காலத்தில், சரிவுக் காலத்தில் அல்ல என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் கெயின்ஸ் 1937இல் எழுதினார். அவர் வழியில் போகிறவர்களுக்கு ஆஸ்டெரிட்டி ஒரு தவறான மருத்துவம். போலந்துப் பொருளியலாளர் மிகாவ் கலெட்ஸ்கி 1943இல் வேறு கோணம் காட்டினார். எல்லோருக்கும் வேலை இருந்தால் வேலையை விட்டு நீக்கும் அச்சுறுத்தல் பலிக்காது, முதலாளிகள் அதை விரும்புவதில்லை. இந்த வழியில் பார்த்தால் தொழிலாளியைப் பணியவைப்பதே நோக்கம், கடன் சாக்கு. எனக்குக் கலெட்ஸ்கி பக்கம்தான் சாய்வு. நீங்கள் கெயின்ஸ் பக்கம் நின்றாலும் ‘சிக்கனம்’ உதவாது. அந்தச் சொல் விவாதத்தின் இரு பக்கங்களையும் மறைக்கிறது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘நிதி ஒறுப்பு’ என்று எழுதுகிறார்கள். அழகான சொல். ஒறுத்தல் என்றால் தண்டித்தல். தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் செய்யும் ஒறுத்தல் முயற்சியும் அதுவே. ஆங்கிலச் சொல்லின் துறவறப் பொருள், கடுமை இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்குப் புரியாது. புரிந்தாலும், தவம் தானே ஏற்பது, இது அப்படியல்ல. தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

ஆகவே என் சொல் ‘பொதுச்செலவு வெட்டு’, சுருக்கமாகச் செலவு வெட்டு. ஊதிய வெட்டு, மானிய வெட்டு, மின்வெட்டு என்று தமிழ் ஏற்கெனவே பழகிய வெட்டு. வெட்டு என்றாலே வெட்டியவர் ஒருவர் இருக்கிறார். கொள்கையைக் குறிக்க வேண்டுமா, வெட்டுக் கொள்கை என்று சொல்லலாம்.

ஒரு இடத்தில் இந்தச் சொல் முழுதாகப் பொருந்தாது, அதையும் சொல்ல வேண்டும். வெட்டைவிட வரியேற்றம் மேலோங்கும் நேரம் உண்டு. இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்தியது. 2023 மார்ச்சில் நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. இதற்கிடையில் பெறுமதி சேர் வரி (நாம் சொல்லும் மதிப்புக் கூட்டு வரி) 8 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 விழுக்காடு, 2023 பிப்ரவரியில் மேலும் 66 விழுக்காடு. இதையும் ‘சிக்கனம்’ என்று எழுதுகிறார்கள்! யாழ்ப்பாணத்தில் ஒருவர் கூடுதலாகக் கட்டும் வரியில் என்ன சிக்கனம் இருக்கிறது? வரியேற்றம் என்று எழுதுங்கள், கட்டண உயர்வு என்று எழுதுங்கள். வெட்டும் ஏற்றமும் சேர்ந்து நடந்தால் ‘செலவு வெட்டும் வரியேற்றமும்’ என்று இரண்டையும் எழுதுங்கள். இரண்டு சொல் கூடுதலாக அச்சிட்டால் தாள் தீர்ந்துவிடாது.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் என் பெரிய மனக்குறை இதுதான். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து வைத்துவிட்டு, அது யார் வாயில் பிறந்தது என்று பார்ப்பதில்லை. பற்றாக்குறைக் குறைப்பை ‘நிதி ஒருங்கிணைப்பு’ என்கிறார்கள். எதோடு எதை ஒருங்கிணைக்கிறார்கள்? தொழிற்சாலைக்குக் கொடுத்தால் ‘ஊக்கத்தொகை’, உழவருக்குக் கொடுத்தால் ‘மானியம்’, ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்தால் ‘இலவசம்’. ‘சீர்திருத்தம்’ என்ற சொல்லின் நிலைமை இதைவிட மோசம். விதவை மறுமணத்துக்கும் தீண்டாமை ஒழிப்புக்கும் நாம் கொடுத்த சொல் அது. 2023இல் பிரான்ஸ் அரசு ஓய்வு பெறும் வயதை 62லிருந்து 64 ஆக்கியபோது, ‘ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்துப் போராட்டம்’ என்று எழுதினார்கள். ‘ஓய்வு வயதை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டதை எதிர்த்துப் போராட்டம்’ என்று எழுதியிருந்தால், அந்த ஆசிரியை கை தூக்கியிருக்க மாட்டார்.