ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாத மருந்து

குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய், ஏ.எல்.எல். என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய். அதற்கான சிகிச்சை அட்டவணையை ஒரு முறை பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும் அட்டவணை அது. முதல் மாதத்தில் வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி, இடையிடையே அஸ்பராஜினேஸ், தினமும் ஸ்டீராய்டு மாத்திரை, முதுகுத்தண்டு நீருக்குள் செலுத்தும் மெத்தோட்ரெக்சேட். அப்புறம் கட்டம் கட்டமாக மருந்துகள் மாறும். கடைசியில் ஓராண்டுக்கும் மேலாக, வீட்டில் இருந்தபடியே தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை. பள்ளிக்குப் போகும், விளையாடும் குழந்தைக்கு, நோயின் சுவடே தெரியாத நாட்களிலும் அந்த மாத்திரை தொடர வேண்டும்.

இந்த மருந்துகளில் எதுவும் புதியது இல்லை. 1947-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ஃபோலிக் அமிலம் ரத்தப் புற்றணுக்களுக்குத் தீனி போடுகிறது என்று ஊகித்தார். அப்படியானால் ஃபோலிக் அமிலம்போல வேடமிட்டு உள்ளே நுழைந்து, அதன் வேலையைக் கெடுக்கும் பொருள் இருந்தால்? அமினோப்டெரின் என்ற அந்தப் பொருளைச் செய்து கொடுத்தது லெடர்லி ஆய்வகத்தில் யெல்லாபிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. அதுவரை அந்த நோய் வந்த குழந்தைகள் யாரும் பிழைத்ததில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் எல்லா அட்டவணைகளிலும் இருக்கிறது.

தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது. ஒரே மருந்தை எதிர்த்துப் புற்றணுக்கள் பழகிவிடுகின்றன என்பது புரிந்தபோது, வெவ்வேறு வழியில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பிறந்தது. மெத்தோட்ரெக்சேட்டும் மெர்காப்டோபியூரினும் புதிய டி.என்.ஏ. உருவாவதைக் கெடுக்கும். வின்கிறிஸ்டின், செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்ணிய இழைகள் உருவாகாமல் தடுக்கும். செல் பாதியில் சிக்கி அழியும். அந்த வின்கிறிஸ்டின் கிடைப்பது நம் ஊர்ச் சுடுகாட்டோரங்களிலும் வீட்டு வாசல்களிலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. அஸ்பராஜினேஸின் வழி வேறு. அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை நல்ல செல்கள் தாங்களே தயாரித்துக்கொள்ளும், ஏ.எல்.எல். செல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு, ரத்தத்தில் வருவதையே நம்பியிருக்கின்றன. ரத்தத்தில் உள்ள அஸ்பராஜினை இந்த நொதி சிதைத்துவிட, புற்றணு பட்டினியில் சாகிறது.

இத்தனையும் சேர்ந்து வேலை செய்வதால், வசதியான நாடுகளில் புற்றுநோய் வரும் குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் குணமடைகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 விழுக்காடுகூட இல்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் வாழ்வது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான். குழந்தைப் புற்றுநோயைப் புகையிலையை ஒழித்தோ முன்கூட்டியே பரிசோதனை செய்தோ பெரிதாகக் குறைக்க முடியாது. சிகிச்சை ஒன்றுதான் வழி. மருந்துகளில் பெரும்பாலானவை காப்புரிமை காலாவதியானவை, யாரும் தயாரிக்கலாம். இருந்தும் ஏன் கிடைப்பதில்லை? எனக்கு மனதை மிகவும் உறுத்தும் கேள்வி இது.

விடையின் ஒரு பாதி கணக்கில் இருக்கிறது. ஒரு சிறிய நாட்டில் ஆண்டுக்கு 60 குழந்தைகளுக்கு ஏ.எல்.எல். வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறு குழந்தைக்கு ஒரு தடவைக்குத் தேவையான வின்கிறிஸ்டின் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம், அதாவது ஒரு சிறு குப்பி. முதல் மாதத்துக்கு நான்கு ஊசி. 60 குழந்தைகளுக்கு 240 குப்பிகள். ஒரு அட்டைப் பெட்டியில் அடங்கிவிடும். அதற்காக எந்த உற்பத்தியாளர் அந்த நாட்டில் மருந்தைப் பதிவு செய்யக் கட்டணம் கட்டி, ஆவணங்கள் தயாரித்து, தனியாகக் கப்பலேற்றுவார்? ஒப்பந்தப்புள்ளி கோரினால் யாரும் வராமல் போவதும் உண்டு. இடைத்தரகர் வழியாக வந்தால் விலை எகிறும். பணக்கார நாடுகளும் முழுக்கத் தப்பியதில்லை. 2019-இல் அமெரிக்காவில் வின்கிறிஸ்டின் தயாரித்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று வணிகக் காரணத்தால் உற்பத்தியை நிறுத்த, நாடு முழுவதும் மருத்துவமனைகள் குப்பிகளை எண்ணி எண்ணிக் கொடுக்கும் நிலை வந்தது.

மறு பாதி, தட்டுப்பாடு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. நோய் கண்டறியப்படும்போது குழந்தையின் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கலாம். முதல் மாதச் சிகிச்சை முடிந்து, நுண்ணோக்கியில் நோய் தென்படாத நிலையிலும் ஆயிரம் கோடி வரை ஒளிந்திருக்க இடமுண்டு. மீதியுள்ள மாதங்கள் எல்லாம் இவற்றைத் தேய்த்துக் கரைப்பதற்கானவை. மருந்து நின்றால் அவை மீண்டும் பெருகத் தொடங்கும். அமெரிக்காவில் ஸ்மிதா பாட்டியா தலைமையிலான குழு, மாத்திரைப் புட்டியின் மூடியிலேயே மின்னணுப் பதிவுக் கருவி பொருத்தி, எந்தெந்த நாளில் புட்டி திறக்கப்பட்டது என்று கணக்கெடுத்தது. மெர்காப்டோபியூரினைச் சாப்பிட வேண்டிய நாட்களில் 95 விழுக்காட்டுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து 2.7 மடங்கு. நூற்றுக்கு ஐந்து நாள் என்றால் மாதத்துக்கு ஒன்றரை நாள்தான். மருத்துவமனைக் கிடங்கில் மூன்று வாரம் ஸ்டாக் இல்லை என்றால் அந்தக் குழந்தை எங்கே நிற்கும் என்று இந்த எண்ணை வைத்துப் பாருங்கள்.

2018 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமும், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையும் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கின. 2030-க்குள் புற்றுநோய் வரும் குழந்தைகளில் குறைந்தது 60 விழுக்காட்டினரைப் பிழைக்க வைப்பது இலக்கு. மருந்தில்லாமல் அது நடக்காது என்பதால் 2021 டிசம்பரில் மருந்துகளுக்கென்றே ஓர் உலகளாவிய ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு 20 கோடி டாலர் தருவதாகச் செயின்ட் ஜூட் சொன்னது. கொள்முதலை யூனிசெஃபின் வழங்கல் பிரிவும், அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கு அங்குள்ள சுகாதார நிறுவனத்தின் நிதியமும் பார்த்துக்கொள்கின்றன. உலகம் முழுக்கத் தடுப்பூசி வாங்கிப் பழகிய கை யூனிசெஃபுடையது.

இது வேலை செய்யும் விதம் எளிய யோசனைதான். ஒரு நாட்டின் 240 குப்பி, இன்னொரு நாட்டின் 300, மற்றொன்றின் 900 என்று எல்லாவற்றையும் கூட்டி ஒரே ஆர்டராகக் கொடுத்தால் உற்பத்தியாளர் திரும்பிப் பார்ப்பார். எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே சொன்னால் விலை இறங்கும், உற்பத்தியையும் அவர் நிறுத்த மாட்டார். இந்தியாவிலேயே இதற்குச் சான்று உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்ட தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 40 மருந்துகளுக்கு ஒரே பேரம் பேசியதில், தனித்தனியாக வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவில் 82 விழுக்காடு, அதாவது 1,320 கோடி ரூபாய் மிச்சமானது.

சிரமமான இடம், எவ்வளவு வேண்டும் என்று கணிப்பது. குழந்தைகளுக்கு மருந்தளவு உடல் பரப்பைப் பொறுத்தது. எடை கூடக் கூட அது மாறும். எத்தனை குழந்தைகளுக்கு எந்த வகைப் புற்றுநோய், எந்த வயது, எந்தச் சிகிச்சைத் திட்டம் என்று தெரிந்தால்தான் குப்பிகளை எண்ண முடியும். பல நாடுகளில் புற்றுநோய்ப் பதிவேடே முழுமையாக இல்லை. குறைத்துக் கணித்தால் தட்டுப்பாடு. கூட்டிக் கணித்தால் காலாவதியான பெட்டிகள். அதனால் சிகிச்சைத் திட்டத்தை நாடு முழுக்க ஒன்றாக்குவதும், மருந்தாளுநர்களுக்குப் பயிற்சி தருவதும் கொள்முதலுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகளாகிவிடுகின்றன.

அடுத்தது தரம். 2017-இல் பிரேசில் அரசு இறக்குமதி செய்த ஒரு அஸ்பராஜினேஸைப் பற்றி அங்குள்ள மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. இந்த நொதியைப் பாக்டீரியாவில் வளர்த்துச் சுத்திகரித்து எடுப்பார்கள். சோதித்தபோது அந்த மருந்தில் பாக்டீரியாவின் வேறு புரதங்கள் ஏராளமாகக் கலந்திருந்தன. எலிகளின் உடலிலும் ஒப்பீட்டு மருந்தைவிடக் குறைவாகவே நின்றது. குப்பி கையில் இருக்கிறது, ஊசியும் போடப்படுகிறது, ஆனால் புற்றணு பட்டினி கிடக்கவில்லை. வெளியே இருந்து பார்க்கும் யாருக்கும் இது தெரியாது; ரத்தத்தில் நொதியின் செயல்பாட்டை அளந்தால்தான் தெரியும். மலிவாக வாங்கினால் மட்டும் போதும் என்று நினைக்க எனக்குத் தைரியம் வராததற்குக் காரணம் இதுதான். உற்பத்தியாளரின் தரத்தைச் சோதித்த பிறகே வாங்குவது இந்த ஏற்பாட்டின் பெரிய பலம். வாங்கிய பிறகும் அஸ்பராஜினேஸ், வின்கிறிஸ்டின் போன்றவற்றை 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், விமான நிலையத்திலிருந்து வார்டு ஃப்ரிட்ஜ் வரை.

2025 பிப்ரவரியில் முதல் மருந்துகள் மங்கோலியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போய்ச் சேர்ந்தன. சோதனைக் கட்டத்தில் அடுத்து ஈக்வடார், ஜோர்டான், நேபாளம், ஜாம்பியா. இந்தக் கட்டத்தில் நாடுகளுக்கு மருந்து இலவசம். அந்த ஆண்டில் ஆறு நாடுகளிலும் சேர்த்து குறைந்தது 30 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,000 குழந்தைகளை எட்டுவது திட்டமாக இருந்தது. போகப்போக 50 நாடுகள், 1,20,000 குழந்தைகள். பிற்பாடு செலவை அந்தந்த அரசுகள் தங்கள் வரவு செலவுத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். அதற்கு நிதி அமைச்சகங்கள் முதலில் கேட்கப்போவது, எத்தனை குழந்தைகள், எத்தனை குப்பிகள் என்ற கணக்கைத்தான். உலான் பாட்டரிலும் தாஷ்கண்டிலும் மருந்தாளுநர்கள் இன்று பதிவேட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்தக் கணக்குக்குள் போகிறது.