அனுப்பிய செய்தி எங்கே காத்திருக்கிறது?

பொறியியல் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "எம்பிஐ நிரலில் இரண்டு பிராசஸ்கள் தங்கள் எண் அணிகளை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்கின்றன. நூறு எண்கள் என்றால் நொடியில் முடிகிறது. ஒரு லட்சம் எண்கள் என்றால் அப்படியே நின்றுவிடுகிறது, பிழைச்செய்திகூட வருவதில்லை. ஏன்?"

ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் பிராசஸ்கள், அதாவது தனித்தனியாக ஓடும் நிரல்கள், ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதற்கான தரநிலைதான் எம்பிஐ. 1994இல் முதல் வடிவம் கண்ட அதில் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி நினைவகம். ஒன்றின் தரவு மற்றொன்றுக்குப் பொதுவாகச் செய்தியாகவே போய்ச் சேர்கிறது. மாணவியின் நிரலில் இரு பிராசஸ்களுமே முதலில் 'செண்ட்' (அனுப்பு) சொல்லிவிட்டு, அதன் பிறகே 'ரிசீவ்' (பெறு) சொல்கின்றன. எண்ணுக்கு எட்டு பைட்டுகள் என்றால், நூறு எண்கள் 800 பைட்டுகள்தாம். இத்தகைய சிறு செய்தியை எம்பிஐ நூலகம், அதாவது தரநிலையைச் செயல்படுத்தும் மென்பொருள், மறுமுனையைக் கேட்காமலேயே அனுப்பிவிடும். பெறும் பக்கத்து நூலகம் அதைத் தன் சொந்த நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும். எட்டு லட்சம் பைட்டுகள் என்றால், மறுமுனை 'ரிசீவ்' சொல்லும் வரை 'செண்ட்' பெரும்பாலும் காத்திருக்கும். இருவரும் 'செண்ட்'டிலேயே காத்திருப்பதால் 'ரிசீவ்' வரிக்கு யாருமே வந்து சேர்வதில்லை.

இதற்கான வழிகளுள் எனக்கு மிகவும் பிடித்தது 'பிசெண்ட்' என்னும் பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) வழி அனுப்புதல். நூலகத்தின் தயவை நம்பாமல், 'பஃபர் அட்டாச்' மூலம் நாமே ஒரு நினைவகப் பகுதியை ஒப்படைக்கிறோம். அதற்குள் நடப்பதைத் தரநிலையே ஒரு மாதிரியாக விவரிக்கிறது. அந்தப் பகுதி வட்டமாகச் சுழலும் ஒரு வரிசை. ஒவ்வொரு செய்தியும் தன்னைப் பற்றிய சிறு குறிப்பைத் தலையில் சுமந்தபடி அதில் இடம் பிடிக்கிறது. புதிய 'பிசெண்ட்' வந்ததும் வரிசையின் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, போய்ச் சேர்ந்துவிட்ட செய்திகளை நீக்கி இடத்தை மீட்கிறது. பிறகு தொடர்ச்சியான இடம் தேடி, தரவை அங்கே நகலெடுத்து, பின்னணியில் அனுப்பத் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. மறுமுனை 'ரிசீவ்' சொல்லிவிட்டதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. நகல் பத்திரமாக இருப்பதால், நம் அணியில் அடுத்த நொடியே புதிய எண்களை எழுதலாம். இடம் போதாவிட்டால் பிழை எழும். இயல்பான அமைப்பில் நிரல் அங்கேயே நின்றுபோகும். இந்தக் கண்டிப்பை நான் வரவேற்கிறேன்: காரணமே சொல்லாமல் உறைந்து நிற்பதைவிடக் குறையைச் சொல்லிவிட்டு நிற்பது மேல்.

இடத்தைக் கணக்கிடும்போது தரவின் அளவை மட்டும் கூட்டினால் போதாது. ஒவ்வொரு செய்தியின் தலைக்குறிப்புக்கும் 'பிசெண்ட் ஓவர்ஹெட்' என்ற மாறிலியைச் சேர்க்க வேண்டும். ஒரு லட்சம் எண்கள் கொண்ட இரு செய்திகள் ஒரே நேரத்தில் காத்திருக்கக்கூடும் என்றால், எட்டு லட்சம் பைட்டுகளையும் அந்த மாறிலியையும் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும். நினைவகத்தைத் திரும்பப் பெற 'பஃபர் டிடாச்' சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் செய்திகள் அனைத்தும் போய்ச் சேரும் வரை அது காத்திருக்கும். அதைச் சொல்லாமலே அந்த நினைவகத்தை விடுவித்துவிட்டால் செய்திகள் சிதைந்துபோகலாம். ஒரு பிராசஸுக்கு ஒரே பஃபர் என்ற பழைய கட்டுப்பாடு 2023இல் வந்த 4.1 பதிப்பில் தளர்ந்தது. இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்படி நூலகத்திடம் விட்டுவிடவும் அதில் வழி உண்டு.

இத்தனை சொன்னாலும், மாணவியின் நிரலுக்கு, அனுப்புவதையும் பெறுவதையும் சேர்த்தே செய்யும் 'செண்ட்ரிசீவ்' என்ற ஒற்றை அழைப்பே போதும். 'பிசெண்ட்' ஒவ்வொரு செய்தியையும் கூடுதலாக ஒருமுறை நகலெடுப்பதால் பெரிய அணிகளில் நேரமும் நினைவகமும் செலவாகும். யாருக்கு, எப்போது செய்தி போகும் என்று முன்கூட்டித் தெரியாத நிரல்களில்தான் அது தன் அருமையைக் காட்டுகிறது.

நிரல் நின்றுபோனால் அணியைச் சிறிதாக்கிப் பார்த்து, "இப்போது ஓடுகிறது" என்று நிம்மதி அடையும் பழக்கம் வகுப்பறைகளில் இருக்கிறது. அப்படி ஓடுவது எந்த உறுதியையும் தருவதில்லை. 'செண்ட்' என்று இருக்கும் இடங்களிலெல்லாம் 'எஸ்செண்ட்' என்று மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மறுமுனை பெறத் தொடங்கும் வரை அது எவ்வளவு சிறிய செய்திக்கும் காத்திருக்கும் என்பதால், நூறு எண்களோடு ஓடிக்கொண்டிருந்த அந்த நிரல் அப்போதே நின்றுவிடும்.