‘வலிநீக்கி’ எதை நீக்குகிறது?

மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கும் வலிநீக்கிகளை நாள்தோறும் உட்கொள்ளலாமா என்று கேட்கும் உடல்நலக் கட்டுரைகள் பெருகிவிட்டன. கேள்வி தேவையான கேள்விதான். ஆனால் கேள்விக்குள் இருக்கும் பெயரே விடையைப் பாதி கெடுத்துவிடுகிறது. ஒரு பொருளை ‘நீக்கி’ என்று முதல் வரியில் அழைத்துவிட்டு, பத்தாவது வரியில் ‘இது நோயை நீக்காது, நெடுநாள் தின்னாதீர்கள்’ என்று எச்சரிப்பவரின் எச்சரிக்கையை அவர் சொன்ன பெயரே மறுத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சொல்லைப் பலமுறை பொறுத்தாயிற்று.

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கில மருத்துவ நூல்கள் இம்மருந்துகளுக்கு ‘அனல்ஜெசிக்’ என்று பெயரிடுகின்றன. கிரேக்கத்தில் ‘அல்கோஸ்’ என்றால் வலி. முன்னால் வரும் ‘அன்’ இன்மையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் ஆங்கிலேயர் ‘பெயின்கில்லர்’ என்பார்கள். அது வலியைக் கொல்வது என்ற மிகைப்பேச்சு. தமிழில் ‘வலி’ என்பது பழங்காலத்தில் பெரும்பாலும் வலிமையையும் இழுத்தலையும் குறித்த சொல். துடுப்பு வலித்தல் என்பதில் அந்த இழுத்தல் இன்றும் இருக்கிறது. உடலின் துன்பத்துக்கு அன்று முதன்மையாக வழங்கியது நோ, நோவு, நோய் என்ற சொற்குடும்பம். சங்கப் புலவர் ஒருவரிடம் ‘வலிநீக்கி’ என்று சொல்லியிருந்தால், ஆளின் பலத்தைப் போக்கும் ஏதோ நஞ்சு என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். இன்று ‘வலி’ துன்பப் பொருளில் நிலைத்துவிட்டதால் முற்பகுதியில் எனக்கு வழக்கில்லை. வழக்கு முழுவதும் பிற்பகுதியோடுதான்.

பிற்பகுதிக்குப் போட்டியிடும் சொற்கள் மூன்று. ‘வலிகொல்லி’ என்பது ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, உயிர்க்கொல்லி என்ற வரிசையில் மாத்திரையைக் கொண்டுபோய் நிறுத்தும் இச்சொல்லைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ‘வலி நிவாரணி’ வடசொல் கலந்தது. தூய தமிழ் விரும்புவோர் அதை விலக்குவது இயல்பு, நானும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன்தான். எனினும் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வடமொழியில் ‘நிவாரணம்’ என்பதன் முதற்பொருள் தடுத்து நிறுத்துதல், வராமல் விலக்கி வைத்தல் என்பதே. இம்மருந்துகள் செய்யும் வேலைக்கு அந்தப் பொருள் மிக அருகில் இருக்கிறது. நிவாரணியை விரட்டுவதற்காக அழைத்துவரப்பட்ட தூய தமிழ்ச் சொல்லாகிய ‘வலிநீக்கி’, விரட்டப்பட்ட சொல்லைவிட உண்மையிலிருந்து அதிகம் விலகி நிற்கிறது. தூய்மையை மட்டும் பார்த்து, பொருளைப் பார்க்காமல் சொல்லாக்கம் செய்தால் இப்படித்தான் நேரும்.

நீக்குதல் என்றால் என்ன? பட்டியலிலிருந்து பெயரை நீக்குகிறோம், பதவியிலிருந்து ஒருவரை நீக்குகிறோம், கறையை நீக்குகிறோம். இவை எல்லாவற்றிலும் நீங்கியது போனதுதான். மீண்டும் வர வேண்டுமானால் புதிதாகத்தான் வர வேண்டும். ‘முடிநீக்கி என்கிறோமே, முடி திரும்ப வளர்வதில்லையா’ என்று ஒருவர் மடக்கலாம். அகற்றிய முடி திரும்புவதில்லை. வேறு முடி முளைக்கிறது. வலியின் நிலை அப்படியன்று. பாராசிட்டமாலின் பலன் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் தேய்ந்ததும், காலையில் இருந்த அதே மூட்டின் அதே வலி எழுகிறது. அது எங்கும் போயிருக்கவில்லை; அடங்கி இருந்தது.

மருந்து செயல்படும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அடிபட்ட அல்லது அழற்சியுற்ற (சிவந்து வீங்கிய) திசுவில் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. அவை வலி நரம்பு முனைகளை எளிதில் தூண்டப்படும்படி கூர்மையாக்குகின்றன. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், நாப்ராக்சென், டைக்ளோஃபினாக் முதலியவை அந்த நொதியைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தபோதும், அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிரித்தானிய மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல்தான் விளக்கினார். 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அழற்சி குறைவதும் இம்மருந்துகளின் பயன்தான், மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு தேய்ந்தபடியே இருக்கிறது; பிதுங்கிய முதுகெலும்பு வட்டு பிதுங்கியபடியே இருக்கிறது.

‘சொல் வலிநீக்கி என்றுதானே சொல்கிறது, நோய்நீக்கி என்று சொல்லவில்லையே’ என்பது அச்சொல்லை ஆதரிப்போரின் வலுவான வாதம். இலக்கணப்படி அது சரி. பயன்பாட்டில் அது நிற்பதில்லை. வலியால் துன்புறுபவருக்கு வலிதான் நோய். வலி போய்விட்டால் நோய் போய்விட்டது என்றே அவர் கொள்வார். நம் மொழியும் அந்த மயக்கத்துக்கு இடம் தருகிறது, ஏனென்றால் ‘நோய்’ என்ற சொல்லே ‘நோதல்’ என்பதன் அடியாகப் பிறந்தது. இரண்டுக்கும் இடையே இவ்வளவு நெருக்கம் உள்ள ஒரு மொழியில் பெயர் வைப்பவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

என் பரிந்துரை ‘வலிதணிப்பி’. தணிதல் தன்வினை, தணித்தல் பிறவினை. சூடு தணிகிறது, தாகம் தணிகிறது, சினம் தணிகிறது; தணிந்த தாகம் மீண்டும் எடுக்கும், தணிந்த சினம் மீண்டும் மூளும் என்பது தமிழ் பேசும் எவருக்கும் விளக்காமலே தெரியும். அளவு குறைந்தது, ஆனால் இருப்பு அழியவில்லை என்ற செய்தி அந்த வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ‘தணிப்பி’ என்ற வடிவம் செயற்கையாக ஒலிக்கிறது என்பார்கள். எதிர்ப்பு, எதிர்ப்பி, சுரப்பு, சுரப்பி என்று வழங்கும் மொழியில் தணிப்பு, தணிப்பி என்பதில் என்ன குறை? ‘தணிப்பான்’ என்பதும் எனக்கு உடன்பாடே, இருப்பினும் மாத்திரையை ஆண்பாலாக ஒலிக்கச் செய்வானேன்?

தணித்தலுக்கு எதிராகக் குறளையே எடுத்துக்காட்டுவோரும் உண்டு. ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி’ என்ற 948ஆம் குறளில் தணிப்பது என்பது நோயைத் தீர்ப்பதையே குறிக்கிறது. எனவே தணிப்பி என்றாலும் தீர்ப்பது என்ற பொருள் வந்துவிடும் என்பது அவர்கள் கூற்று. பழந்தமிழில் தணித்தலின் பரப்பு அகன்றது என்பதை ஏற்கிறேன். இன்றைய வழக்கில் அது சுருங்கிவிட்டது. சொல்லாக்கம் இன்றைய வாசகருக்காகச் செய்யப்படுவது. தவிர, அந்தக் குறள் தணிக்கும் வழியைத் தேடுமுன் நோயையும் அதன் முதலையும் தேடச் சொல்கிறது. மாத்திரையை நாள்தோறும் விழுங்குபவர் அந்த இரண்டு படிகளையும் தாண்டி மூன்றாவதில் போய் நின்றுகொள்கிறார். ‘நீக்கி’ என்ற பெயர் அந்தத் தாவலுக்கு ஒப்புதல் அளித்துவிடுகிறது.

பெயரின் பிழை எங்கே ஊறு செய்கிறது என்பதற்குத் தலைவலியைவிட நல்ல சான்று இல்லை. அடிக்கடி தலைவலி உள்ளவர் சாதாரண வலிதணிப்பிகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டால், அந்த மருந்தாலேயே நாள்பட்ட தலைவலி உண்டாகலாம். பல மருந்துகளைச் சேர்த்துச் செய்த கலவை மாத்திரைகளுக்கு 10 நாளே எல்லை. இதை ‘வலிநீக்கி வலியை உண்டாக்குகிறது’ என்று எழுதினால் வாசகர் அச்சுப்பிழை என்று நினைப்பார். தணித்துத் தணித்து வைத்த வலி, தணிப்பது நின்றவுடன் முன்னிலும் முனைப்பாக எழுகிறது என்று எழுதினால் ஒரே வாசிப்பில் விளங்கும்.

இதே வகைக் குறை ‘பக்க விளைவு’ என்ற தொடரிலும் இருக்கிறது. புரோஸ்டாகிளாண்டின்கள் வலியை மட்டும் கூட்டுபவை அல்ல. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், நெருக்கடியான நேரத்தில் சிறுநீரகத்துக்குள் இரத்த ஓட்டம் குறையாமல் பார்ப்பதும் அவைதாம். முழங்காலுக்காக விழுங்கிய இபுபுரூஃபன் முழங்காலோடு நின்றுகொள்ளாது. வயிற்றுப்புண், குடலில் இரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பு அளவோடும் நாளோடும் கூடுகிறது. முதியோருக்கும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சில வகை இரத்த அழுத்த மருந்துகளும் சேர்த்து உட்கொள்வோருக்கும் சிறுநீரக இடர் இன்னும் மிகுதி. இது பக்கத்தில் நடப்பதன்று. மருந்தின் அதே வேலை, வேறிடத்தில் நடக்கிறது. வயிற்றுப்புண்ணின் வலியையும் அம்மருந்து மங்கச் செய்துவிடுவதால், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் இரத்தக் கசிவே முதல் அறிகுறியாக வெளிப்படுவதும் உண்டு. கரிய நிற மலம் அதன் அடையாளம்.

பாராசிட்டமால் வயிற்றுக்கு இவ்வளவு கடுமையானதன்று. அதனாலேயே அதைக் கேடற்றது என்று எழுதிவிடுகிறார்கள். உடல்நலமுள்ள வயதுவந்தோருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. கல்லீரல் இதைச் சிதைக்கும்போது ஒரு சிறு பகுதி நச்சுப்பொருளாக மாறுகிறது. கல்லீரலில் உள்ள குளுட்டாதயோன் என்ற பொருள் அதை முறிக்கிறது. அளவு மிஞ்சினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், அந்த நஞ்சு கல்லீரல் செல்களைத் தாக்குகிறது. மது மிகுதியாக அருந்துவோரும், ஊட்டம் குறைந்தோரும், எடை குறைந்தோரும் மேற்சொன்ன அளவுக்கும் குறைவாகவே நிறுத்த வேண்டியவர்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் விற்கும் கலவை மாத்திரைகளில் பாராசிட்டமால் இருப்பதை அறியாமல் இருமடங்கு உட்கொள்வதும் நடக்கிறது. அமெரிக்காவில் இதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். அங்கிருந்து மொழிபெயர்ப்பவர்கள் இரண்டும் ஒன்றே என்று குறிப்பிடாமல் விட்டுவிடுவது மன்னிக்கத் தகாத சோம்பல்.

இனி, அந்த உடல்நலக் கட்டுரைகளின் தலைப்பில் உள்ள இன்னொரு தொல்லை. ஆங்கிலத்தில் ‘ஓவர் த கவுண்டர்’ எனப்படும் சீட்டில்லாமல் விற்கும் மருந்தைச் சிலர் ‘கவுண்டர் மருந்து’ என்றும், இன்னும் சிலர் ‘மேசைமேல் மருந்து’ என்றும் எழுதுகிறார்கள். மருந்து மேசைமேல் இருக்கிறதா, அலமாரியில் இருக்கிறதா என்பது எவருக்கும் தேவையில்லாத செய்தி. ‘சீட்டின்றி வாங்கும் மருந்து’ என்றால் போதும். அந்த அனுமதி என்ன கருதித் தரப்பட்டது என்பதை விளக்குவதில்தான் மொழிபெயர்ப்பாளர் தம் உழைப்பைச் செலவிட வேண்டும்: குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, தானாகச் சரியாகும் சிறு துன்பத்துக்கு. அமெரிக்காவில் விற்கும் இபுபுரூஃபன் பெட்டியில், மருத்துவர் சொன்னாலன்றி வலிக்கு 10 நாளுக்கு மேல் உட்கொள்ள வேண்டாம் என்றும், சீட்டின்றி உட்கொள்ளும் அளவு நாளுக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் அச்சிட்டிருக்கிறது. நாள்தோறும் மாதக்கணக்கில் உட்கொள்வது அந்த அனுமதிக்கு வெளியே போன செயல். ஃபெனாசிட்டின் என்ற மருந்தும் ஒரு காலத்தில் இப்படித் தாராளமாக விற்றதுதான். ஆண்டுக்கணக்கில் அதைத் தின்றவர்களின் சிறுநீரகம் பழுதாவது தெரிந்து, அமெரிக்கா 1983இல் அதை விலக்கியது.

இதனால் நெடுநாள் பயன்பாடே கூடாது என்று பொருளாகாது. மூட்டழற்சி உள்ள பலர் மருத்துவரின் மேற்பார்வையில், வயிற்றைக் காக்கும் மாத்திரையோடு, சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது சோதித்துக்கொண்டு, இம்மருந்துகளை நெடுநாள் உட்கொள்கிறார்கள். மாரடைப்பு வந்தவர் நாள்தோறும் உட்கொள்ளும் சிறு அளவு ஆஸ்பிரின் வேறு கணக்கு: அங்கே அது இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கிறது, வலிக்காகத் தரப்படுவதில்லை; அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. அதோடு இபுபுரூஃபனைச் சேர்த்தால் ஆஸ்பிரினின் அந்தப் பணி தடைப்படவும் கூடும். ஒரே மாத்திரைக்கு ஓரிடத்தில் வலிதணிப்பி என்றும் வேறிடத்தில் உறைவுத்தடுப்பி என்றும் பெயரிடுவது முரணாகாது. பெயர் வேலையைச் சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்த்தால் இன்னொரு பெயரையும் திருத்த வேண்டியிருக்கிறது. எல்லா வலி மாத்திரைகளையும் ஒரே மூச்சில் ‘அழற்சி எதிர்ப்பு மருந்துகள்’ என்று எழுதும் பழக்கம் பரவுகிறது. இபுபுரூஃபனுக்கும் நாப்ராக்செனுக்கும் அது பொருந்தும். பாராசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் தணிக்கும். அழற்சியை அது குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை. எனவே அதற்கு வலிதணிப்பி, காய்ச்சல்தணிப்பி என்ற இரண்டு பெயர்களே உரியவை. மூன்றாவதைச் சேர்ப்பவர், இபுபுரூஃபனின் இடத்தில் பாராசிட்டமாலையும், பாராசிட்டமாலின் இடத்தில் இபுபுரூஃபனையும் வாசகர் மாற்றி வாங்குவதற்கு வழிசெய்கிறார்.