தூரப்பார்வை இல்லை, வெள்ளெழுத்து

கண் முகாமில் கொடுத்த சீட்டை அத்தை என்னிடம் நீட்டினார். 'தூரப்பார்வைக் குறைபாடு' என்று அச்சடித்து, பக்கத்தில் பேனாவால் ஒரு டிக். மாயவரத்திலிருந்து கும்பகோணத்துக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய்வருகிறவர், சீட்டு கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரமாக வாசலைத் தாண்டவில்லை. "தூரப் பார்வை போயிடுச்சுன்னு எழுதியிருக்கானே, ரோட்டைக் கடக்கும்போது லாரி வந்தா என்னடா பண்றது?"

தெருக்கோடியில் திரும்பிய பஸ்ஸின் பலகையைப் படிக்கச் சொன்னேன். தடங்கலில்லாமல் படித்தார். மாத்திரை அட்டையில் இருந்த தேதியைக் காட்டினேன். அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பிடித்து, கடைசியில் கை நீளம் போதாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவருக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. மருத்துவர்கள் பிரஸ்பையோபியா என்பது. கிரேக்கத்தில் 'பிரஸ்பிஸ்' முதியவர், 'ஓப்ஸ்' கண்; பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவ சபைக்குப் பெயர் தந்த மூப்பரும் இதே வேரில் பிறந்தவர்தான். தமிழ்ச் சொல்லுக்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். வெண்மை + எழுத்து. ஈறு கெட்டு, 'ண்' 'ள்' ஆகித் திரிந்து வெள் + எழுத்து. தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்ததால் இரட்டி வெள்ளெழுத்து. மலையாளத்திலும் இதே சொல்தான்.

ஏன் வெள்ளை? கண்ணுக்குள் இருக்கும் வில்லை, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கக் கொஞ்சம் உப்ப வேண்டும். வயது ஏற ஏற அது விறைத்துப்போகிறது. 10 வயதுப் பிள்ளை 7, 8 சென்டிமீட்டரில் வைத்துப் படிப்பதை, 40 வயதில் 20, 25-க்குத் தள்ள வேண்டும். 50-ல் 40 சென்டிமீட்டராவது வேண்டும். அதற்குள் கொண்டுவந்தால் எழுத்தின் கறுப்பு பரவிக் காகிதத்தின் வெள்ளையோடு கலந்து, வெளுத்துச் சாம்பலாகத் தெரியும். அனுபவித்தவர் வைத்த பெயர் இது. ஓலையில் எழுத்தாணியால் கீறி மை தடவாமல் விட்டால் எழுத்து இருந்தும் இல்லாததுபோல் இருக்கும். பெயர் அங்கிருந்து வந்திருக்குமோ என்று எனக்கு ஓர் ஊகம். ஊகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள்.

இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு 'தூரப்பார்வை'யை எதற்கு இழுக்கிறார்கள்? அது வேறொரு குறையின் பெயர். இழுப்பவர்கள் சொல்லும் நியாயம்: இரண்டிலும் கிட்டத்தில் உள்ளதுதான் மங்குகிறது, இரண்டுக்கும் பிளஸ் கண்ணாடிதான், ஆகவே ஒரே பெயர் போதும். கிட்டத்தில் மங்குவதும் பிளஸ் கண்ணாடியும் சரி. 'ஆகவே'தான் தப்பு. தூரப்பார்வை என்பது ஹைப்பர்மெட்ரோபியா. விழிக்கோளம் குட்டையாக இருப்பதால் பெரும்பாலும் வருவது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இருக்கலாம், மிகுந்தால் தூரமும் சேர்ந்தே மங்கும். வெள்ளெழுத்து அப்படியல்ல, வயது ஏறினால் எல்லாருக்கும் வரும். கிட்டப்பார்வைக்காரருக்கும் வரும். அவர் மைனஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிப்பார், அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கிட்டப்பார்வைக்காரர் ஒருவருக்கு 45 வயதில் தூரப்பார்வையும் வந்துவிட்டது என்று எழுத வேண்டியிருக்கும். படிக்கிறவர் நிலைமையை யோசியுங்கள்.

அந்தச் சொல்லிலேயே ஒரு குழி இருக்கிறது. தூரப்பார்வை என்றால் தூரம் தெரிகிற பார்வை. அதோடு 'குறைபாடு' ஒட்டியதும் தூரத்துப் பார்வையில் குறை என்றாகிவிடுகிறது. அத்தை தப்பாகப் படிக்கவில்லை. தமிழ் தெரிந்தவர் அப்படித்தான் படிப்பார். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டு, அதன் வாலில் நம் பங்குக்குக் 'குறைபாடு' கட்டியதன் வினை இது.

சிலர் 'முதுமைப் பார்வை' என்கிறார்கள். கிரேக்கத்துக்கு விசுவாசம், நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு வசவு. 'விழி ஏற்பமைவுத் திறன் குறைபாடு' என்றும் ஒன்று உண்டு. அதை வெள்ளெழுத்து வந்தவர் ஒரே மூச்சில் படித்துவிட்டால் அவருக்கு அந்தக் குறைபாடு இல்லை என்று அர்த்தம்.

ஒரு நண்பர் மட்டும் யோசிக்கும்படி ஓர் ஆட்சேபம் சொன்னார். படிக்காதவருக்கும்தானே இது வருகிறது, ஊசியில் நூல் கோக்க முடியாதவருக்கு 'எழுத்து' எதற்கு? அரிசியில் கல் பொறுக்குகிறவருக்கும் பூக்கட்டுகிறவருக்கும் எழுத்து வெளுப்பதில்லைதான். ஆனால் எங்கள் தெருவில் பூக்கட்டுகிற அம்மா ஒரு எழுத்தும் படிக்காதவர், 'எனக்கு வெள்ளெழுத்துப்பா, வாசல்ல உக்காந்தாத்தான் நாரு தெரியுது' என்கிறார். சொல் அவரிடம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. (வெளிச்சத்தில் கண்ணின் பாப்பா சுருங்குவதால் கிட்டத்துப் பொருள் சற்றுத் துலக்கமாகும், திண்ணை தேடிப் போனவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.)

வெள்ளெழுத்தின் இன்னொரு பெயரான சாளேசுவரத்தையும் சொல்லியாக வேண்டும். சிறுவயதில் இதை ராமேசுவரம் மாதிரி ஏதோ சிவத்தலம் என்று நினைத்திருந்தேன். உருதுவிலும் இந்தியிலும் 'சாலீஸ்' என்றால் நாற்பது. நாற்பதில் வருவதால் அந்தப் பெயர். மராத்தியில் சாளிஷி, கன்னடத்தில் சாளீசு. தெலுங்கு வடமொழி நாற்பதைப் பிடித்துச் சத்வாரம் என்றது. நாமோ சாலீஸோடு ஓர் ஈசுவரனையும் சேர்த்துக்கொண்டோம். தனித்தமிழ் அன்பர்கள் இதைத் துரத்தச் சொல்வார்கள். எனக்கு மனமில்லை. தூய்மையில்லாத சாளேசுவரம் யாரையும் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. தமிழாய்த் தோன்றுகிற தூரப்பார்வைதான் பூட்டியது.

கண் துண்டுப்பிரசுரங்களை மொழிபெயர்க்கிறவர்கள் மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. பார்வை நரம்பைப் பழுதாக்கும் குளுக்கோமாவைக் 'கண் அழுத்த நோய்' என்கிறார்கள். கண்ணில் அழுத்தம் சராசரியாக இருக்கும்போதே பார்வை நரம்பு பழுதாகிறவர்கள் உண்டு. 'அழுத்தம் நார்மல்னு சொல்லிட்டாங்க, எனக்கு இல்லை' என்று அவர்கள் எழுந்து போய்விட மாட்டார்களா? நோயாளி காதில் அது எப்படி விழும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் போதும். கண்புரை பிழைத்துக்கொண்டது, நல்லவேளை; புரை என்றால் குற்றம், வள்ளுவரின் 'புரைதீர்ந்த நன்மை'யில் உள்ள அதே புரை. புரை முற்றும்போது வில்லையின் நடுப்பகுதி இறுகி, சிலருக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்க வந்துவிடும். வெள்ளெழுத்து போய்விட்டது என்று கொண்டாடுவார்கள். அப்போதுதான் மருத்துவரிடம் போக வேண்டும்.

அத்தையிடம் "உனக்கு வெள்ளெழுத்து" என்றேன். "இதைச் சொல்ல ஒரு சீட்டா?" என்று புடவை மாற்றப் போனார். முறையாகச் சோதித்து எழுதி வாங்கிக்கொண்டு, பிளஸ் இரண்டு பவருக்குக் கடைவீதிக்குப் போனோம். "வெள்ளெழுத்துக் கண்ணாடி வேணும்" என்றேன். கடைப் பையன் விழித்தான். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளி எழுந்திருக்காமலே குரல் கொடுத்தார்: "சாளேஸ்வரக் கண்ணாடிடா. ரெண்டாவது டிராயர்."