புல் குடிக்கும் நீர் எங்கே போகிறது?

லாஸ் வேகாஸில் மகனின் அலுவலக வாசலிலிருந்த புற்றரையைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சல்லிக்கல்லும் கள்ளியும் வைத்திருக்கிறார்களாம், "புல் வளர்ப்பதற்குக்கூடவா தடை?" என்று வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆம். நெவாடா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டத்தின்படி, லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்கின் வீதியோரங்களிலும் அலுவலக முகப்புகளிலும் எவரும் கால்வைக்காமல் அழகுக்காக மட்டும் நிற்கும் புல்லுக்கு, 2027 பிறந்ததும் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்ச இயலாது. தனி வீடுகளுக்கு இத்தடை இல்லை. அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீற்றர். புற்றரைக்கோ ஆண்டுக்குச் சதுர மீற்றருக்கு 3000 லீற்றர், அதாவது 3000 மில்லிமீற்றர் மழை அளவில் வேண்டும். கொழும்பில் ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 2400 மில்லிமீற்றர் மழையும் அதற்குப் போதாது.

இவ்வளவையும் புல் தன் உடலில் வைத்துக்கொள்வதில்லை. நல்ல வெயிலில் முற்றத்துப் புல்லின்மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு, தேநீர் குடித்து முடித்து வந்து பாருங்கள், உட்புறம் வியர்த்திருக்கும். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இப்படி ஆவியுயிர்ப்பாகவே வெளியேறுகிறது.

வழிவிடுவது இலையிலுள்ள நுண்துளையான இலைவாய். அதன் இருபுறமும் நின்று அதைத் திறந்து மூடுபவை காவற்கலங்கள். பாடநூலில் நாம் வரைந்த அவரை விதை வடிவக் காவற்கலங்கள் புல்லுக்கு இல்லை. அதன் காவற்கலங்கள், உடற்பயிற்சிக்காரர் தூக்கும் டம்பெல்லைப்போல இரு முனையும் பருத்து நடுவே ஒடுங்கியவை. பொற்றாசியம் அயன்கள் உள்ளே புக, அவற்றைத் தொடர்ந்து நீரும் புக, முனைகள் உப்பி நடுத்தண்டுகளை விலக்குகின்றன. சிறு வீக்கத்திலேயே வாய் விரைவாகத் திறந்துவிடும் இந்த நேர்த்தியை நுணுக்குக்காட்டியில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. திறக்காமலும் இருக்க முடியாது, ஏனெனில் உணவாக்கத் தேவையான காபனீரொட்சைட்டு வளியில் பத்தாயிரத்துக்கு நாலு பங்குதான். அதன் ஒரு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடுகின்றன.

வீட்டுக்குள் குளித்த நீர் அந்நகரில் சுத்திகரிக்கப்பட்டு கொலராடோ ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கே திரும்புவதால், உண்மையான இழப்பு தோட்டத்தில்தான். யாழ்ப்பாணத்திலும் சித்திரை வெயிலில் கிணற்று நீரை இறைத்து அலங்காரப் புல்லுக்குத் தெளிப்பதைக் கண்டால் எனக்கு எரிச்சலே வருகிறது.

எல்லாப் புல்லும் ஒரே அளவில் குடிப்பதில்லை. பிள்ளையாருக்குச் சாத்தும் அருகு, காபனீரொட்சைட்டை வேறொரு நொதியத்தால் முதலில் பிடித்து நரம்பைச் சூழ்ந்த கலங்களில் செறித்துவிடுவதால், வாயைக் குறைவாகத் திறந்தே சமாளிக்கிறது. மகனின் அலுவலக வாசலில் நிற்கும் கள்ளியோ பகலில் வாயை மூடியிருந்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து, பிடித்ததை அமிலமாகச் சேர்த்து வைத்து மறுநாள் வெளிச்சத்தில் பயன்படுத்துகிறது; நம் அன்னாசியும் அப்படித்தான்.